கண்மதிப்பும் கிஸ்தியும்

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், நம் ஊர்க் கடைத்தெருவில் தோல் பொருள் வாணிபம் செய்யும் அன்பர் ஒருவர் அஸர் தொழுகை முடிந்ததும் நம்மை நாடி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. அவருடைய கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அனுப்பியது அது.

"ஹஜ்ரத், மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? தை, மாசியில் வரப்போகும் லாபத்தை ஆனியிலேயே கணித்து வரி கட்டு என்கிறார்கள். வராத லாபத்தை எந்தப் பேரேட்டில் பார்த்துச் சொல்வது? சற்றுக் குறைத்தே எழுதிவிடலாமென்று எண்ணுகிறேன். அது பொய்யாகுமா?" என்று வினவினார்.

நம் நாட்டு வருமான வரி முறை யாதெனின், சொந்தத் தொழில் செய்வோர் அவ்வாண்டு முழுவதற்கும் தமக்கு வரக்கூடிய வருவாயைத் தாமே மதிப்பிட்டு, அதற்குரிய வரியை நான்கு தவணைகளில் முன்கூட்டியே செலுத்துதல் வேண்டும். ஜூன் 15க்குள் நூற்றுக்கு 15. செப்டம்பர் 15க்குள் 45. டிசம்பர் 15க்குள் 75. மார்ச் 15க்குள் முழுவதும். குறைத்து மதிப்பிட்டுக் குறைவாகக் கட்டினால், குறைந்த தொகைக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் வட்டி. சிறு வணிகர் சிலருக்கு மார்ச் மாதத்தில் ஒரே தவணையாகக் கட்டும் சலுகையும் உண்டு. நம் அன்பரோ முழுக் கணக்கு எழுதும் வகையைச் சேர்ந்தவர்.

வருமான வரிச் சட்டத்தில் நாம் தேர்ந்தவர் அல்லோம். ஆயினும் அவர் கேட்ட கேள்வி புதிய கேள்வியன்று. கனி பழுக்குமுன் அதன் அளவை மதிப்பிடுபவர் யார்? மதிப்பீடு தவறினால் அந்த இழப்பு யாரைச் சாரும்? எந்த மாதத்தில் வந்து கேட்பது நியாயம்? இம்மூன்றையும் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துள்ளார்கள். ஜகாத் வணக்கம், அரசு வரி வேறு, கராஜ் என்னும் நிலவரி இன்னும் வேறு. இவற்றை ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆனால் மதிப்பிடும் சிக்கல் மூன்றிற்கும் பொது. அன்பருக்கு அன்று நாம் சொன்னவற்றையும், பிறகு கித்தாபுகளைப் புரட்டிப் பார்த்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றோம்.

சம்பளத்தில் பிடித்தம் என்னும் அவர் சொல்லிலிருந்தே தொடங்கலாம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகின்றது. கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்களுக்கு ஆண்டு மானியம் வழங்கும்போது, ஜகாத் கடமையான செல்வம் ஏதேனும் உம்மிடம் உண்டா என்று கேட்பார்களாம். உண்டு என்றால் அதற்குரிய ஜகாத்தை மானியத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்றால் ஒன்றும் குறைக்காமல் கொடுத்துவிடுவார்கள். உஸ்மான் (ரலி) அவர்களும் அவ்வாறே செய்தார்கள். மானியத்திலேயே ஜகாத்தைப் பிடித்தவர்களில் முதல்வர் முஆவியா (ரலி) அவர்கள் என்று இமாம் இப்னு ஷிஹாப் ஸுஹ்ரீ அறிவிக்கின்றார்கள். ஆக, பிடித்தம் என்பது ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுச் சங்கதி. பிடிப்பதற்குச் சம்பளம் இல்லாதவனிடம் மட்டும் அன்றும் கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது.

அப்படிக் கேட்கப்பட்டவர் ஒருவர் நம் அன்பரைப் போலவே தோல் வியாபாரி. ஹிமாஸ் என்பது அவர் பெயர். பதனிட்ட தோலும் அம்பறாத்தூணியும் விற்று வந்தார். உமர் (ரலி) அவர்கள் அவ்வழியே சென்றபோது, உம் செல்வத்திற்கு ஜகாத்தைக் கொடும் என்றார்கள். என்னிடம் இருப்பது வெறும் தோல்தானே என்றார் ஹிமாஸ். அதற்கு விலை மதித்துக் கணக்கிட்டு, பின்னர் ஜகாத்தைக் கொடும் என்று உமர் (ரலி) அவர்கள் பணித்தார்கள். இவ்வறிவிப்பின் தொடரைப் பற்றி இப்னு ஹஸ்ம் போன்றோர் குறை கூறியிருப்பினும், வணிகச் சரக்கின் ஜகாத்தைப் பேசும் அறிஞர் எவரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இதில் கவனிக்கத்தக்கது, விலை மதிப்பவர் கலீஃபா அல்லர் என்பதே. தோலுக்குரியவரே மதிக்கின்றார்.

எவ்வாறு மதிப்பது? தாபிஈன்களில் ஒருவரான மைமூன் இப்னு மிஹ்ரான் (ரஹ்) கூறிய வழியை இமாம் அபூஉபைத் (ரஹ்) தம் கிதாபுல் அம்வாலில் பதிந்துள்ளார்கள். கையிலுள்ள ரொக்கம், விற்பனைக்குள்ள சரக்கின் விலை, கொடுக்க வல்லவனிடம் நிற்கும் கடன், இவற்றைக் கூட்டுக. நீ கொடுக்கவேண்டிய கடனைக் கழிக்க. மீதிக்கு ஜகாத். இன்றைய ஆடிட்டர் இதில் திருத்துவதற்கு அதிகமிராது. வராக் கடனைச் சேர்க்கவேண்டாம் என்னும் நுட்பம்கூட அதில் அடங்கியிருக்கின்றது.

நிற்க. சரக்கு கண்முன் இருக்கின்றது, மதித்துவிடலாம். மரத்தில் காயாக இருப்பதை மதிப்பதெப்படி? இதற்கு அரபியில் 'கர்ஸ்' என்று பெயர். நம் நாட்டுத் தோப்புக் குத்தகைக்காரர் கண்மதிப்பு என்பது இதுவே. மரத்தைச் சுற்றி வந்து, குலையைப் பார்த்து, காய்ந்தபின் இது இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லும் வித்தை.

ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) கைபர் வெற்றி கொள்ளப்பட்டபோது, அங்கிருந்த யூதர்கள் விளைச்சலில் பாதியைக் கொடுப்பதாக ஒப்பி, தோட்டங்களிலேயே தங்கிப் பயிரிட்டார்கள். அந்தப் பாதியைக் கணிக்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பியது அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை. கவிஞர், அன்ஸாரி, மறு ஆண்டே மூத்தா களத்தில் ஷஹீதானவர். அவர் வந்ததும் யூதர்கள் தம் பெண்களின் நகைகளைத் திரட்டி அவர் முன் வைத்தார்கள். கணிப்பில் சற்றுக் குறைத்துக்கொள்ளும் என்பது கோரிக்கை. அவர் மறுத்தார். உங்கள்மீது எனக்கு விருப்பமில்லை. எனினும் அவ்வெறுப்பு என்னை அநீதி செய்யத் தூண்டாது. இந்தக் கையூட்டோ விலக்கப்பட்டது, நாங்கள் உண்பதில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். வானமும் பூமியும் இத்தகைய நேர்மையால்தான் நிற்கின்றன என்று அவர்களே ஒப்பினார்களாம்.

நகையை மறுத்தது பெரிது. அதைவிடப் பெரிதாக நமக்குத் தோன்றுவது அவர் அடுத்துச் செய்தது. தம் கணிப்பைச் சொல்லிவிட்டு, விருப்பமானால் கனி முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு இக்கணக்குப்படி எங்கள் பாதியைத் தாருங்கள்; அன்றேல் நாங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் பாதியைத் தருகின்றோம் என்று இரண்டு வாயிலையும் திறந்து வைத்தார். அவர் 40,000 வஸக் என்று கணித்ததாகவும், யூதர்கள் கனியை எடுத்துக்கொண்டு 20,000 வஸக் தர ஏற்றதாகவும் ஜாபிர் (ரலி) அறிவிப்பாக அபூதாவூதில் வருகின்றது. ஒரு வஸக் 60 ஸாஉ கொண்டது. கணிப்பு மிகை என்று அவர்கள் கருதியிருந்தால் அவரிடமே தள்ளிவிட்டிருக்கலாம். தம் மதிப்பீட்டின் இழப்பைத் தாமே சுமக்கச் சம்மதித்த அதிகாரி அவர். இத்தகைய வரி அதிகாரியை நாம் பின்னர்ச் சரித்திரத்தில் அதிகம் காணவில்லை.

தபூக் பயணத்தின்போது (ஹிஜ்ரி 9) வாதில் குரா என்னும் பள்ளத்தாக்கில் ஒரு பெண்மணியின் தோட்டத்தைக் கடந்தார்கள். தோழர்களை மதிப்பிடச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் பத்து வஸக் என மதிப்பிட்டு, விளைவதை எண்ணி வையும் என்று அப்பெண்ணிடம் கூறிச் சென்றார்கள். திரும்பி வருகையில் கேட்க, பத்து வஸக்கே என்றார் அவர். புகாரியில் உள்ள இச்செய்தியில் மதிப்பிட்டதோடு நில்லாமல், மதிப்பிட்டவரே திரும்பி வந்து விளைந்ததைக் கேட்டறிந்ததையும் பார்க்கவேண்டும்.

எல்லாருடைய கண்ணும் அவ்வளவு கூர்மையானதன்று. ஆகையால் கணிப்பவர் மூன்றில் ஒன்றை விட்டுவிடவேண்டும், அதுவும் இயலாவிடில் நான்கில் ஒன்றையாவது விடவேண்டும் என்னும் ஏவலை ஸஹ்ல் இப்னு அபீ ஹஸ்மா (ரலி) அறிவித்துள்ளார்கள். வீட்டார் பறித்துத் தின்பது, விருந்தினருக்கு, வழிப்போக்கருக்கு, பறவைக்கு, காற்றில் உதிர்ந்தது என்று அதற்கு விளக்கம் எழுதினார்கள் உலமாக்கள். பறவையின் பங்கு வரிக்கணக்கில் கழிவாக நின்றது!

இங்கே நம் தமிழகத்து முஸ்லிம்கள் இருவகையாகப் பிரிவார்கள். கடற்கரையோரத்து ஷாபிஈகளின் இமாம் கர்ஸை ஏற்கின்றார்கள். இமாம் மாலிக்கும் இமாம் அஹ்மதும் அவ்வாறே. உள்நாட்டு ஹனஃபிகளின் இமாமாகிய அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, குத்துமதிப்பு குத்துமதிப்பே. அதைக்கொண்டு ஒருவர்மீது கடன் விதிக்கலாகாது. விளைந்தபின் அளந்து பெறுக என்றார்கள். ஏற்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. நம் ஷாபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீயின் மின்ஹாஜில், கணித்தவர் தவறிவிட்டார் என்று தோட்டக்காரர் முறையிட்டால், அது நடக்கக்கூடிய அளவுத் தவறாயின் அவர் சொல் ஏற்கப்படும் என்றும், நம்பவியலாத அளவாயின் ஏற்கப்படாது என்றும் உள்ளது. சிறு தவறு மனித இயல்பு, பெருந்தவறு சூது. ஓதிய காலத்தில் வெறும் மஸ்அலாவாக மனனம் செய்த இவ்வரியின் அருமை, அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றுதான் நமக்கு விளங்கியது.

முன்கூட்டிச் செலுத்துவதற்கும் முன்மாதிரி உண்டு. நாயகத்தின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்கள், ஆண்டு நிறையுமுன் ஜகாத்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்க, அனுமதி கிடைத்ததாக அலீ (ரலி) அறிவிக்கின்றார்கள். ஆனால் அங்கே கேட்டவர் கொடுப்பவர். கேட்டுப் பெற்றது சலுகை. அரசு முந்திக்கொண்டு கேட்பது வேறு கதை.

அக்கதைக்கு வருவோம். இராக்கின் ஸவாத் நிலப்பகுதியை அளக்க உமர் (ரலி) அவர்கள் உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரை அனுப்பினார்கள். மூன்று கோடியே அறுபது இலட்சம் ஜரீப் என அளவு வந்தது. தாம் குத்தப்படுவதற்குச் சில நாள் முன்புகூட அவ்விருவரையும் நிறுத்தி, நிலம் தாங்காத சுமையை ஏற்றிவிட்டீர்களோ என்று அவர்கள் கேட்டதைப் புகாரியில் காண்கின்றோம். ஹிம்ஸின் ஆளுநர் ஸயீத் இப்னு ஆமிர் (ரலி) மதீனா வந்தபோது, கராஜ் ஏன் தாமதமாகின்றது என்று உமர் (ரலி) கடிந்துகொண்டார்கள். உழவரிடம் நான்கு தீனாருக்கு மேல் வாங்காதே என்றீர்கள். அதற்கு மேல் வாங்குவதில்லை. ஆனால் அறுவடை வரையில் தவணை கொடுக்கின்றோம் என்றார் அவர். நான் உயிரோடிருக்கும் வரையில் உம்மைப் பதவியிலிருந்து நீக்கமாட்டேன் என்பது கலீஃபாவின் மறுமொழி.

அலீ (ரலி) அவர்களின் காலத்தில் நடந்ததோ சிறு நாடகம் போன்றது. உக்பராவுக்கு வரி வாங்க அனுப்பிய ஸகீஃப் குலத்தவரிடம் ஊரார் முன்னிலையில் ஒரு காசும் விடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு தனியே அழைத்து, அவர்களுடைய குளிர்கால உடையையோ கோடைகால உடையையோ விற்காதே, உண்ணும் தானியத்தையும் உழைக்கும் விலங்கையும் தொடாதே, ஒருவரையும் அடிக்காதே, மிஞ்சியதை மட்டுமே பெறும்படி நமக்குக் கட்டளை என்றார்கள். அப்படியானால் போனபடியே வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான் என்றார் அதிகாரி. திரும்பினாலும் சரியே என்றார்கள். போனார், சொன்னபடியே செய்தார், கராஜில் ஒன்றும் குறையாமல் திரும்பினார். ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கிதாபுல் கராஜில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) இதைச் சொல்கின்றார்கள். அதே நூலில் களத்துமேட்டில் கிடக்கும் தானியத்தைக் குத்துமதிப்பாகக் கணித்து, பின்பு கணிப்பிற்குக் குறைந்ததை உழவனிடம் வசூலிக்கும் வழக்கத்தைக் கண்டித்து, அது குடிகளின் அழிவு, நாட்டின் பாழ் என்று கலீஃபாவுக்கே எச்சரிக்கை எழுதினார்கள். நீதித்துறையின் தலைமை அவர்கள் கையில் இருந்தது. எழுதத் துணிவும் இருந்தது.

இனி நாள்காட்டியின் கதை. பாரசீக மன்னர் காலந்தொட்டு நவ்ரோஸ் என்னும் புத்தாண்டு நாளில் கராஜ் வசூல் தொடங்கும். அவர்களுடைய ஆண்டு 365 நாள். மிஞ்சும் கால் நாளைச் சரிசெய்ய 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதம் சேர்ப்பார்கள். ஸாஸானிய அரசு வீழ்ந்தபின் அதைச் சேர்ப்பார் இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நவ்ரோஸ் முன்னே நகர்ந்தது. பயிரோ சூரியனைப் பார்த்து விளைவது, நகராது. நாளடைவில் கதிர் பச்சையாக நிற்கையிலேயே வரிக்காரர் வாசலில் நின்றார்.

அல்பீரூனீ தம் அல்ஆஸாருல் பாக்கியாவில் இதை விரிவாக எழுதுகின்றார். உமையா கலீஃபா ஹிஷாமின் காலத்தில் இராக்கின் நிலக்கிழார்கள் ஆளுநர் காலித் அல்கஸ்ரீயிடம் சென்று, நவ்ரோஸை ஒரு மாதம் தள்ளி வைக்க வேண்டினார்கள். ஆளுநர் கலீஃபாவுக்கு எழுதினார். மாதங்களை இடம் மாற்றும் 'நஸீஉ' என்னும் வழக்கத்தைத் திருக்குர்ஆன் தடுத்திருக்கின்றதே, இதுவும் அதுவாகிவிடுமோ என்று அஞ்சி ஹிஷாம் மறுத்துவிட்டார். ஹாரூன் ரஷீதின் காலத்தில் பர்மகீ குலத்து யஹ்யாவிடம் இரண்டு மாதம் தள்ளக் கேட்டார்கள். அவர் இசைந்தார். ஆனால் இவர் நெருப்பு வணங்கிகளின் சார்பினர் என்று பகைவர் தூற்றவே, கைவிட்டார். புனித மாதங்களைப் புரட்டுவது வேறு. வரி கேட்கும் தேதியைப் பயிருக்கேற்ப மாற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதாலும், பழிச்சொல்லுக்கு அஞ்சியதாலும், தலைமுறை தலைமுறையாக உழவர் கடன் வாங்கி வரி கட்டினார்கள். மார்க்கம் கற்றோராகிய நாம் இவ்விடத்தை வேகமாகக் கடந்து போவது முறையன்று.

பின்னர் அப்பாஸீ கலீஃபா முதவக்கில் ஒரு நாள் வேட்டைக்காட்டில் உலவும்போது முற்றாத பயிரைக் கண்டார். கராஜ் வசூலைத் தொடங்க அமைச்சர் உபைதுல்லாஹ் அனுமதி கேட்கின்றார், பயிரோ பச்சையாக நிற்கின்றது. மக்கள் எங்கிருந்து கொடுப்பார்கள் என்று வினவினார். கடன் வாங்குகின்றார்கள், சிலர் ஊரையே விட்டுப் போகின்றார்கள் என்றார்கள் உடனிருந்தோர். ஹிஜ்ரி 243இல் நவ்ரோஸ் ஹஸீரான் 17க்கு, அதாவது ஜூன் மாதத்திற்கு, மாற்றப்பட்டது. நான்கு ஆண்டில் அவர் கொல்லப்படவே ஆணை நிலைக்கவில்லை. ஹிஜ்ரி 282இல் (கி.பி. 895) கலீஃபா முஃதளித், வசூல் தொடக்கம் ஹஸீரான் 11 என்று நிலைநாட்டினார். முஃதளிதின் நவ்ரோஸ் என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. மக்களின் சுமையைக் குறைக்கும் எண்ணத்தோடு ஆணைமடல்கள் எல்லா அதிகாரிகளுக்கும் சென்றதை இமாம் தபரீ குறிக்கின்றார்கள்.

நம் நாட்டுக் கிராம நிர்வாக அலுவலகங்களில் இன்றும் எழுதப்படும் 'பசலி' ஆண்டும் இந்தச் சிக்கலின் குழந்தையே. 'ஃபஸ்ல்' என்னும் அரபிச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனோடு ஓடுவதால் 33 ஆண்டுகளில் 32 அறுவடைதான் கிடைக்கும். ஷாஜஹான் காலத்தில், 1636இல், தக்காணத்தில் அன்றைய ஹிஜ்ரி எண்ணாகிய 1046ஐயே எடுத்துக்கொண்டு, அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணி வந்தார்கள். 2025 ஜூலையில் ஹிஜ்ரி 1447 நடக்க, பசலி 1435ஆக இருந்ததன் காரணம் இதுவே. வசூல், பாக்கி, ஜப்தி, மகசூல், தாசில் என்று நம் உழவர் வாயில் வழங்கும் சொற்களெல்லாம் அரபி மூலமுடையவை. அவற்றுள் நம் மனத்தைத் தொடுவது 'கிஸ்தி'. அரபியில் 'கிஸ்து' என்றால் தவணை, பங்கு, நீதி என்றும் பொருள். விந்தை யாதெனின், இதே வேரில் பிறந்த 'முக்ஸித்' நீதி செய்பவர். 'காஸித்' அநீதி செய்பவர். சென்னை மாகாணத்தில் கிஸ்தி எவ்வாறு வசூலானது என்பதை 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் படித்தால், கிட்டி கட்டி விரலை நெரித்ததையும், அண்ணாந்தாள் போட்டு வெயிலில் நிறுத்தியதையும் காணலாம். வேர்ச்சொல்லின் இரண்டாம் பொருளே அங்கு ஆட்சி செய்தது.

வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தது. முன்கூட்டிக் கட்டும் முறை 1944இல், போர்ச் செலவின் காலத்தில் புகுந்தது. இவ்வளவே அதைப்பற்றி நாம் சொல்வது.

இவற்றுள் சிலவற்றைச் சொல்லி முடித்தபோது மக்ரிபுக்கு நேரம் நெருங்கிவிட்டது. அன்பர் சிரித்து, "ஹஜ்ரத், பறவைக்கு மூன்றில் ஒன்றைக் கழித்து எழுதினால் என் ஆடிட்டர் ஒப்புவாரா?" என்றார். ஒப்பமாட்டார் என்றோம். ஆனால் அவர் கடையில் வேறொரு சிக்கல் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தோம். அவருடைய விற்பனையில் பெரும்பங்கு நோன்புப் பெருநாளை ஒட்டியது. 2018இல் பெருநாள் ஜூன் நடுவில் வந்தது. முதல் தவணைக்கே கையில் பணம் இருந்தது. 2025இல் அது மார்ச் 31. கடைசித் தவணை கட்டவேண்டிய நாளில் சரக்கு இன்னும் அலமாரியில் இருந்தது. வரியின் தேதி சூரியனோடும் அவர் வாணிபம் பிறையோடும் போகின்றன. சென்ற ஆண்டின் செப்டம்பரைப் பார்த்து இவ்வாண்டின் செப்டம்பரை மதிப்பிட்டால் தவறத்தான் செய்யும். பெருநாளைப் பார்த்துப் பெருநாளை மதிக்கவேண்டும்.

குறைத்து எழுதுவது பொய்யா என்னும் கேள்விக்கு, அறிந்து குறைத்தால் பொய், அறியாமல் குறைந்தால் மனிதக் கணிப்பு. அடுத்த தவணையில் திருத்திக்கொள்ளச் சட்டமே இடந்தருகின்றது என்றோம். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் ளுஹருக்குப் பின் நாம் அவ்வழியே சென்றபோது, கடைத் திண்ணையில் ஐந்தாறு ஆண்டுப் பேரேடுகளை விரித்து வைத்துக்கொண்டு, ஷஃபான், ரமளான் என்று ஓரத்தில் குறித்திருந்த பக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.